கொழும்பின் காற்றுக்கு யார் பொறுப்பு?

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருக்கும் ஒழுங்கையில் ஒரு மிளகாய் மில் இருக்கிறது. காலை பத்து மணிக்கு மோட்டரைப் போட்டால் பத்தே நிமிடத்தில் ஒழுங்கை முழுக்கத் தும்மல். மில்லுக்கு நேர் எதிரே மாடியில் இருக்கும் மாமிக்குத் தொய்வு. செத்தல் மிளகாய் அரைக்கிற நாட்களில் ஜன்னல்களைச் சாத்தி, ஈரத் துவாயைக் கதவுக்குக் கீழே செருகி, கையில் இன்ஹேலரோடு கட்டிலில் இருப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒரு அமைச்சுக்குக் கடிதம் எழுதினார். ஆறு வாரம் கழித்து, கடிதம் வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது. அந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால், இது எங்கள் வேலை இல்லை என்றார்கள்.

திரும்பி வந்தவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "தம்பி, தண்ணிக்கு ஒரு ஒபிஸ் இருக்கு, கரண்டுக்கு ஒரு ஒபிஸ் இருக்கு. காத்துக்கு ஒண்டுமே இல்லையா?"

இருக்கிறது. ஆனால் ஒன்றல்ல. தண்ணீர் குழாயில் வருகிறது, மீட்டரில் ஓடுகிறது, ஒரே சபை பில் அனுப்புகிறது. காற்றுக்குக் குழாயும் இல்லை, மீட்டரும் இல்லை. ஆகவே சட்டம் காற்றைப் பிடித்துவைக்கப் பார்ப்பதில்லை. காற்றை அழுக்காக்குகிறவரைத்தான் பிடிக்கப் பார்க்கிறது. பெரிய தொழிற்சாலையின் புகைபோக்கி என்றால் ஒரு மேசை. ஒழுங்கைக்குள் இருக்கும் மில் என்றால் இன்னொரு மேசை. பஸ்ஸின் சைலன்சர் என்றால் மூன்றாவது. பக்கத்துக் காணியில் குப்பைக்கு நெருப்பு வைத்தால் அது வேறு. புகை எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்துகொண்டால், யாரிடம் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். மாமிக்கு அன்றைக்குப் படியில் இருந்து சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பத்தரமுல்லையில் இருக்கும் தலைமை

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம். அந்தச் சட்டத்தின்கீழ் 1981 இல் மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைக்கப்பட்டது. தலைமையகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. சுற்றாடல் அமைச்சின் கீழ் வருகிற நிறுவனம் இது. மேலே தவிசாளரும் சபையும்; அன்றாட வேலைகளை நடத்துவது பணிப்பாளர் நாயகம்; அவருக்குக் கீழே பொறியியலாளர்கள், இரசாயனவியலாளர்கள், சட்ட உத்தியோகத்தர்கள். அங்கிருந்து மாகாண அலுவலகம், மாவட்ட அலுவலகம் என்று கிளை பிரிந்து, கடைசியில் பிரதேச செயலகத்தில் இருக்கும் சுற்றாடல் உத்தியோகத்தர் வரை வருகிறது. பிரதேச செயலகத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் போகும் எத்தனையோ பேருக்கு, அதே கட்டிடத்தில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்பது தெரியாது.

ஆரம்பத்தில் இந்த அதிகாரசபைக்குப் பல் இருக்கவில்லை. ஆலோசனை சொல்வதும் மற்றத் திணைக்களங்களை ஒருங்கிணைப்பதுமே அதன் பிரதான வேலை. 1988 இல் வந்த திருத்தச் சட்டந்தான் இரண்டு ஆயுதங்களைக் கையில் கொடுத்தது. ஒன்று, சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். தொழில் செய்பவர்கள் இதை 'ஈ.பி.எல்.' என்றுதான் சொல்வார்கள். மற்றது, பெரிய திட்டங்கள் தொடங்குமுன் சுற்றாடலுக்கு என்ன கேடு வரும் என்று ஆராய்ந்து அங்கீகாரம் பெற வேண்டும் என்ற கட்டாயம். முதலாவது, ஏற்கனவே இயங்குகிற தொழிலைக் கண்காணிப்பதற்கு. இரண்டாவது, இன்னும் கட்டாத ஒன்றை முன்கூட்டியே கேள்வி கேட்பதற்கு.

இலங்கை முழுவதும் இதே ஏற்பாடுதான் என்று நினைத்துவிட வேண்டாம். வடமேல் மாகாணம் 1990 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க நியதிச் சட்டத்தின் மூலம் தனக்கென்று ஒரு சுற்றாடல் அதிகாரசபையை வைத்திருக்கிறது. புத்தளம், குருநாகல் மாவட்டங்களில் உறவினர் இருந்தால், அங்கே கதவு வேறு. முதலீட்டுச் சபையின் வலயங்களுக்குள் இருக்கும் தொழிற்சாலைகளுக்கும் உரிமம் அந்தச் சபை வழியாகவே போகிறது. கொழும்பில் இருக்கும் நமக்குப் பத்தரமுல்லையும் மாநகர சபையுந்தான்.

கிணறும் கானும்

முதன்முதலில் படிப்பவர்கள் குழம்பிப்போவது இரண்டு வகை வரம்புகளில்தான். ஒரு கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு அழுக்கு இருக்கலாம் என்பது ஒரு கேள்வி. அந்தக் கிணற்றுப் பக்கம் வருகிற ஒவ்வொரு கானிலும் எவ்வளவு அழுக்கு வரலாம் என்பது இன்னொரு கேள்வி. கிணறு கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்தாலும், எந்தக் கான் கெடுத்தது என்று தெரியாமல் யாரையும் பிடிக்க முடியாது.

காற்றிலும் அப்படித்தான். நாம் மூச்சில் இழுக்கும் வெளிக் காற்றுக்கு ஒரு தர வரம்பு இருக்கிறது. அது முதலில் 1994 இல் வர்த்தமானியில் வந்து, 2008 இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தில்தான் பி.எம். 2.5 என்ற நுண்துகளுக்கும் வரம்பு வந்தது. ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் வருவது ஒரு மைக்ரோன். இரண்டரை மைக்ரோனும் அதற்குக் குறைவும் கொண்ட தூசுதான் பி.எம். 2.5. தலைமுடியின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குகூட வராது. மூக்கு மயிருக்கும் தொண்டைச் சளிக்கும் தப்பி, நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரைக்கும் போய், அங்கிருந்து இரத்தத்துக்குள்ளும் இறங்கக்கூடியது. மாமியின் தும்மலுக்குக் காரணமான மிளகாய்த் தூளில் பெரும்பகுதி இதைவிடப் பருமனானது; கண்ணுக்குத் தெரிவது, மூக்கிலேயே எரிவது. பஸ் புகையில் இருப்பதுதான் இந்தச் சின்னது. எரிச்சல் தராமலே உள்ளே போவதால் அதைப் பற்றி நாம் முறைப்பாடு செய்வதும் குறைவு.

இலங்கையின் வரம்புப்படி, ஒரு கன மீற்றர் காற்றில் பி.எம். 2.5 இன் ஆண்டுச் சராசரி 25 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. 24 மணி நேரச் சராசரி 50 ஐத் தாண்டக் கூடாது. கொஞ்சம் பெரிய துகளான பி.எம். 10 க்கு ஆண்டுக்கு 50, நாளுக்கு 100. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டலில் பி.எம். 2.5 க்கு ஆண்டுக்கு 5, நாளுக்கு 15. ஆண்டு வரம்பில் மட்டும் இரண்டுக்கும் இடையில் ஐந்து மடங்கு இடைவெளி. நாட்டின் வரம்புக்குள் இருக்கிறது என்று ஒரு அறிக்கை சொன்னால், ஆஸ்பத்திரி வார்ட்டில் யாருமே மூச்சு முட்டிக் கிடக்கமாட்டார்கள் என்பது அதன் அர்த்தமல்ல. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு அறிக்கைகளைப் படிக்க வேண்டும்.

இது கிணற்றுக்கான கணக்கு. கானுக்கான கணக்கு தனி. கொதிகலன், மின்பிறப்பாக்கி, உலை என்று ஓரிடத்தில் நிலையாக இருந்து புகைவிடுகிற எல்லாவற்றுக்கும் 2019 ஜூன் மாதம் ஒரு ஒழுங்குவிதி வர்த்தமானியில் வந்தது. என்ன எரிபொருள், எவ்வளவு கொள்ளளவு என்பதைப் பொறுத்து, புகைபோக்கியின் வாயில் எவ்வளவு தூசு, எவ்வளவு கந்தகவீரொட்சைட்டு வரலாம் என்று அது சொல்கிறது. ஓடுகிற வாகனங்களுக்கு வேறு ஒழுங்குவிதி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உரிமம் என்ற கடிவாளம்

நடைமுறையில் அதிகாரசபையின் பலம் வழக்கில் இல்லை, உரிமத்தில்தான் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தொழிலைத் தொடங்குகிறவர் விண்ணப்பிக்க வேண்டும். பரிசோதனைக் கட்டணம் கட்ட வேண்டும். உத்தியோகத்தர்கள் இடத்துக்கு வந்து பார்ப்பார்கள். என்ன இயந்திரம், எத்தனை குதிரைவலு, என்ன எரிகிறது, புகை எந்தப் பக்கம் போகிறது, அடுத்த வீடு எத்தனை அடியில் இருக்கிறது, எத்தனை மணிக்கு வேலை நடக்கிறது. அதன்பிறகு உரிமம் கொடுத்தால், அது வெறும் 'சரி' என்ற தாளாக வருவதில்லை, நிபந்தனைகளோடு வரும். புகைபோக்கி இவ்வளவு உயரம் இருக்க வேண்டும், தூசு பிடிக்கத் துணிப்பை வடிகட்டி போட வேண்டும், இரவில் இயந்திரம் ஓடக் கூடாது என்பதுபோல. உரிமத்தின் உயிர் அந்த நிபந்தனைகள்தான். முறைப்பாடு செய்பவர் 'புகை வருகிறது' என்று எழுதுவதைவிட, 'உரிமத்தில் இருக்கும் இந்த நிபந்தனை மீறப்படுகிறது' என்று எழுதினால் அந்தக் கடிதத்தின் எடையே வேறு.

எல்லாத் தொழிலும் ஒரே மாதிரி அல்ல. ஆகவே 2008 ஜனவரி வர்த்தமானியில் தொழில்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். 'ஏ' பட்டியலில் கடுமையாக மாசுபடுத்தக்கூடியவை. உரிமம் ஒரு வருடத்துக்கு மட்டும். 'பி' பட்டியலில் நடுத்தரம்; மூன்று வருடம். இவை இரண்டையும் அதிகாரசபையே கவனிக்கும். 'சி' பட்டியலில் குறைவாக மாசுபடுத்தும் சிறு தொழில்கள். அவற்றுக்கும் மூன்று வருடம், ஆனால் உரிமம் கொடுப்பது மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி நிறுவனம். பெற்றோல் செட், தச்சுப் பட்டறை, அச்சகம், பெயின்ற் ஸ்பிரே செய்யாத கராஜ், மாதம் ஆயிரம் கிலோவுக்குக் குறைவாக அரைக்கிற மில், இவை எல்லாம் அந்தக் 'சி' பட்டியலில் இருந்தவை. பட்டியல்கள் பிறகும் திருத்தப்பட்டிருக்கின்றன. ஆனாலும் பெரியது அதிகாரசபைக்கு, சிறியது உள்ளூராட்சிக்கு என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது.

கராஜ் விஷயத்தை ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். அதே கராஜ், ஸ்பிரே பெயின்ற் அடிக்கத் தொடங்கிய அன்றைக்கே சின்னப் பட்டியலை விட்டு வெளியே போய்விடுகிறது. கிராண்ட்பாஸிலும் ஆமர் வீதிப் பக்கமும் சின்ன கராஜ்களில் பின்பக்கத்துத் தகரக் கொட்டிலுக்குள் ஸ்பிரே நடப்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கே வேலை செய்கிற பையன்தான் அந்தக் காற்றை முதலில் குடிக்கிறான். அவன் மூக்கில் கட்டியிருப்பது பெரும்பாலும் ஒரு லேஞ்சி.

உரிமம் இல்லாமல் தொழில் நடத்தினால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு. சட்டத்தில் நீண்டகாலமாக இருந்துவந்த தண்டப்பணம் 10,000 ரூபாவுக்குக் குறையாமலும் 15,000 ரூபாவுக்கு மேற்படாமலும் என்பதாகும். சிறைத்தண்டனைக்கும் இடம் உண்டு. அந்த நாட்களில் அது பெரிய தொகை. இன்றைக்கு ஒரு தொழிற்சாலை ஒரு நாளைக்கு டீசலுக்குச் செலவழிப்பது அதைவிடக் கூட. அதனால்தான் வழக்கைவிட, புதுப்பிக்க வருகிற நாளில் உரிமத்தை நிறுத்திவைப்பதும், நிபந்தனை கூட்டுவதும், தேவையானால் இரத்துச் செய்வதும் கூடப் பயன் தருகின்றன என்கிறேன். உரிமம் காலாவதியாகிற திகதிதான் பிடி இருக்கிற இடம்.

அதிகாரசபையின் சங்கடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே நிறுவனந்தான் தொழிலுக்கு வழிகாட்டுகிறது, உரிமம் கொடுக்கிறது, கட்டணம் வாங்குகிறது, வழக்கும் போடுகிறது. திறைசேரிப் பணத்தோடு இந்தக் கட்டணங்களும் அதன் வருமானம். ஒரு மில்லை மூடினால் அங்கே வேலை செய்கிற நாலு குடும்பத்தின் அடுப்பும் அணையும் என்பது களத்துக்குப் போகிற உத்தியோகத்தருக்குத் தெரியும். எதிர்வீட்டில் தொய்வோடு ஒருவர் இருப்பதும் தெரியும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பது லேசான வேலை இல்லை. நல்ல உத்தியோகத்தர்கள் பெரும்பாலும் மூடச் சொல்வதில்லை. வடிகட்டி போடச் சொல்கிறார்கள், கால அவகாசம் கொடுக்கிறார்கள், திரும்பி வந்து பார்க்கிறார்கள். அந்தத் திரும்பி வருகிற வேலைக்குத்தான் ஆட்கள் எப்போதும் போதாமல் இருக்கிறார்கள்.

மாநகர சபையும் பி.எச்.ஐ.யும்

கொழும்பு மாநகர சபை 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. அதிகாரசபையைவிட நூறு வருடத்துக்கு மேல் மூத்தது. அதன் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் சுகாதார வைத்திய அதிகாரிகளும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் இருக்கிறார்கள். பி.எச்.ஐ. என்றால் நமக்கு டெங்கு நுளம்பும் ஹோட்டல் சமையலறையும்தான் ஞாபகம் வரும். ஆனால் பொதுத் தொல்லை என்ற பழைய சட்டக் கருத்து அவர்கள் கையில் இருக்கிறது. 1862 இலேயே தொல்லைகள் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. ஒருவருடைய புகையோ நாற்றமோ அயலவரின் வாழ்க்கையைக் கெடுத்தால், அளக்கிற இயந்திரம் இல்லாமலே அதில் தலையிடலாம். அதுவும் சரிவராவிட்டால் 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவு இருக்கிறது. பொலிஸ் மூலம் நீதவானிடம் போய், அந்தத் தொல்லையை நிறுத்தும்படி நிபந்தனைக் கட்டளை ஒன்றைப் பெறலாம். பி.எம். 2.5 எத்தனை என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். மூச்சுவிட முடிகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

குப்பை எரிப்பும் இதே வட்டத்துக்குள் வருகிறது. 2017 செப்டெம்பரில் பொலித்தீன் தடைகளோடு சேர்த்து, பிளாஸ்ரிக் உட்பட்ட குப்பைகளைத் திறந்தவெளியில் எரிப்பதையும் வர்த்தமானி தடை செய்தது. அந்த வருடம் ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு அன்றைக்கு, மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். சரிவதற்கு முன்பும் அந்த மேட்டைச் சுற்றி இருந்தவர்கள் அதன் நாற்றத்தையும் புகையையும் வருடக்கணக்காகச் சுவாசித்தவர்கள். குப்பையும் காற்றும் வேறு வேறு கோப்பில் இருந்தாலும், அங்கே வாழ்ந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வாகனம்: நீதிமன்றம் திறந்த கதவு

கொழும்பின் காற்று மாசில் பெரும் பங்கு வாகனங்களுடையது. ஆனால் நம் ஒழுங்கை மில்லைப்போல ஒரு பஸ்ஸுக்கு உரிமம் கொடுத்து நிபந்தனை போட அதிகாரசபையால் முடியாது. வாகனம் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பொறுப்பு, எரிபொருள் வேறோர் அமைச்சின் பொறுப்பு, வீதி இன்னொருவருடையது.

1990களில் வாகனப் புகைக்கு வரம்பே வர்த்தமானியில் இருக்கவில்லை. லலநாத் டி சில்வா என்ற சட்டத்தரணி 1998 இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். ஒழுங்குவிதி செய்ய வேண்டிய அமைச்சர் செய்யாமல் இருப்பது தன் உரிமையை மீறுகிறது என்பதே வாதம். அந்த வழக்கின் வழியாக 2000 ஆம் ஆண்டில் வாகனப் புகை, எரிபொருள், வாகன இறக்குமதி ஆகியவற்றுக்கான தரங்கள் வர்த்தமானியில் வந்தன. ஒரு மனிதர் கேட்ட கேள்விக்குத்தான் நாடு பதில் எழுதியது. எனக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

அதன்பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற ஈயம் அதோடு வீதிக் காற்றில் இருந்து இறங்கியது. 2008 இல் நீலப் புகை கக்குகிற டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. இப்போது காலி வீதியில் ஓடும் ஓட்டோக்களில் அந்த நீலப் புகை அநேகமாக இல்லை; நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த மணம் ஞாபகம் இருக்கும். அதே 2008 இல்தான் வருடாந்தப் புகைப் பரிசோதனையும் மேல் மாகாணத்தில் தொடங்கியது.

நாம் 'எமிஷன் டெஸ்ட்' என்று சொல்வது இதைத்தான். வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது இந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை நடக்காது. பரிசோதனையைச் செய்வது தனியார் நிலையங்கள், மேற்பார்வை திணைக்களத்துக்கு. பெற்றோல் வாகனம் என்றால் எஞ்சினை ஓடவிட்டு, சைலன்சருக்குள் ஒரு குழாயைச் செருகி, காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். டீசல் என்றால் கியர் போடாமல் அக்சிலேட்டரைச் சட்டென்று முழுக்க மிதித்து, வருகிற கறுப்புப் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று அளக்கிறார்கள்.

இதில் ஒரு குறை எல்லோருக்கும் தெரியும். பரிசோதனை வருடத்தில் ஒரு நாள். வாகனம் ஓடுவது மிச்சம் 364 நாளும். பரிசோதனைக்கு முதல் நாள் டியூன் பண்ணி, அடுத்த வாரம் டீசல் பம்பைக் கூட்டிவிட்டால், சான்றிதழ் கையில் இருக்கும்போதே புகை வரும். ஆகவே வீதியோரத்தில் திடீரென்று நிறுத்திச் சோதிக்கிற வேலைதான் முக்கியம் என்று நினைக்கிறேன். புறக்கோட்டை பஸ் நிலையத்தில் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருக்கும் பஸ்களுக்குப் பின்னால், இடியப்பமும் வடையும் விற்கிறவர்கள் காலை முதல் இரவு வரை நிற்கிறார்கள். அந்த மூச்சு எந்த மீட்டரிலும் பதிவதில்லை.

அளப்பதும் வடக்கிலிருந்து வரும் புகையும்

கோட்டைப் புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் 1990களின் பிற்பகுதியில் தானாகவே அளக்கிற நிலையம் ஒன்று வைக்கப்பட்டது. அங்கு பல ஆண்டுகளாகப் பதிவான பி.எம். 10 இன் ஆண்டுச் சராசரி, 50 என்ற வரம்புக்கு மேலேயே இருந்தது. அதிகாரசபையோடு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனமும் காற்றை அளக்கிறது. மண்சரிவு எச்சரிக்கை விடுகிற அதே நிறுவனந்தான். கைபேசியில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பார்க்கும் காற்றுத் தரச் சுட்டெண், இந்த மைக்ரோகிராம் எண்களை எல்லோரும் புரிந்துகொள்ள நிறமாக மாற்றியதுதான். கொள்ளுப்பிட்டியில் அமெரிக்கத் தூதரகம் வைத்திருந்த கருவியின் எண்களைப் பலர் தினமும் பார்த்துவந்தோம். 2025 மார்ச்சில் அமெரிக்கா உலகெங்கும் அந்தத் தரவைப் பகிர்வதை நிறுத்தியபோது அதுவும் நின்றுபோனது. வேறொரு நாடு வைத்த கருவியில் நம் மூச்சின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது சரியில்லை. நம் சொந்தக் கருவிகள் இடைவிடாமல் ஓட வேண்டும், எண்கள் உடனுக்குடன் வெளியே வர வேண்டும், தமிழிலும் வர வேண்டும்.

கொழும்புக்காரர்களுக்கு இயற்கை தந்த ஒரு கொடை தென்மேல் பருவக் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை கடலில் இருந்து வருகிற சுத்தமான காற்று ஊர்ப்புகையை உள்நாட்டுப் பக்கம் தள்ளிவிடுகிறது. நவம்பரில் திசை மாறும். வடகீழ்ப் பருவக் காற்று இந்தியப் பெருநிலத்தின் மேலிருந்து வரும்போது அங்குள்ள புகையையும் கூட்டிக்கொண்டு வரும். 2022 டிசம்பரில், மண்டோஸ் சூறாவளி உருவான நாட்களில், கொழும்பில் வானம் சாம்பல் நிறமாகி எதிர்க் கட்டிடம் மங்கிப்போனது. டிசம்பர் 9 ஆம் திகதி பாடசாலைகளை மூடினார்கள். அப்படியான நாளில் எந்த மாநகர சபையும் எந்த உரிமமும் ஒன்றும் செய்ய முடியாது. எச்சரிக்கை விடுவதும், வயதானவர்களையும் தொய்வுக்காரரையும் வீட்டுக்குள் இருக்கச் சொல்வதுந்தான் முடியும். ஆனால் இதையே எல்லா நாளைக்கும் சாக்காகச் சொல்ல விடக் கூடாது. ஜூன் மாதத்துக் காலை எட்டு மணிக்கு மருதானைச் சந்தியில் வருகிற புகை நம்முடையது.

கடிதம் எழுதுவது எப்படி

அதிகாரசபையின் முறைப்பாட்டு இலக்கம் 1981. அது பிறந்த வருடமும் அதுவே என்பதால் மறக்காது. தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாமல் எழுத்திலும் கொடுங்கள். பிரதேச செயலகத்தில் இருக்கும் சுற்றாடல் உத்தியோகத்தரிடமே கொடுக்கலாம். சிறு தொழில் என்றால் மாநகர சபைக்கு, பிரதி ஒன்று அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கு. தமிழில் எழுதலாம். அரசாங்க அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. சிங்களத்தில் பதில் வந்தால், மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன், அனுப்பியிருக்கிறார்கள்.

கடிதத்தில் 'தாங்க முடியவில்லை' என்பதைக் கடைசி வரியில் எழுதுங்கள். முதலில் நாள், நேரம், எத்தனை நிமிடம், காற்று எந்தப் பக்கம் இருந்து வந்தது, புகையின் நிறம், மணம், வீட்டில் யாருக்கு என்ன செய்தது. மாமியிடம் ஒரு நாட்காட்டியை எடுத்து, மில் தொடங்குகிற நேரத்தையும் நிறுத்துகிற நேரத்தையும் குறிக்கச் சொன்னேன். மூன்று வாரம் குறித்தார். பக்கத்திலேயே இன்ஹேலர் அடித்த தடவைகளைச் சின்னச் சின்னக் கோடாகப் போட்டார். ஒரு வெள்ளிக்கிழமைக் கட்டத்துக்குள் ஏழு கோடு இருந்தது. அந்தத் தாள்களின் போட்டோப் பிரதியைக் கடிதத்தோடு இணைத்தோம்.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இன்னொரு கடிதம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அது. மில்லுக்கு உரிமம் இருக்கிறதா, இருந்தால் அதன் நிபந்தனைகளின் பிரதி, காலாவதித் திகதி என்று மூன்றே கேள்வி. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உரிமம் இருந்தது. நிபந்தனைகளில் ஒன்று, அரைக்கும் அறையின் ஜன்னல்கள் மூடியிருக்க வேண்டும், தூசு வெளியே போகாமல் பையில் பிடிக்க வேண்டும் என்று சொன்னது. ஒழுங்கைப் பக்கத்து ஜன்னல் எத்தனையோ வருடமாகத் திறந்தேதான் கிடந்தது.

பி.எச்.ஐ. ஒருவர் வந்தார், இளைஞர். மாமியின் வீட்டுக்குள் வந்து, அந்த ஜன்னல் படியில் விரலால் தடவிப் பார்த்தார். விரல் சிவப்பாக வந்தது. மில்காரரோடு அரை மணி நேரம் பேசினார். மில்காரர் கெட்ட மனிதர் இல்லை; அவருடைய மனைவிக்கும் இருமல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த மாதம் அரைக்கும் இயந்திரத்தின் வாயில் நீளமான துணிப்பை ஒன்று தொங்கியது, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. மிளகாய் அரைப்பது கிழமைக்கு இரண்டு நாள் மட்டும் என்று அவர்களாகவே பேசி முடிவெடுத்தார்கள். தூசு முழுதாக நிற்கவில்லை. பை கிழிகிற நாளில் திரும்பவும் தும்மல் வரும். மாமி கோடு போடுவார்.

உரிமம் முடிகிற திகதியை அவர் அடுத்த வருட நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறார். அதற்கு மூன்று மாதம் முன்னால் இன்னொரு சின்ன வட்டம். அன்றைக்குச் சபைக்கு எழுத வேண்டும், நீயும் வந்து பக்கத்தில் இரு என்று சொல்லி வைத்திருக்கிறார்.